லோடு குறைந்தால் டிரைவர்தான் திருடனா? டேங்கர் ஓட்டுநரின் பதில்கள்

19 வருடமாகப் பெட்ரோல், டீசல் டேங்கர் ஓட்டுகிறேன். இந்த வேலையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் 12,000 லிட்டர் பெட்ரோல் லோடில் 50 லிட்டர் ஷார்ட் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சீல் ஒன்றுகூட உடையவில்லை. அது எங்கேதான் போனது?

பதில்: தம்பி, நீ எடுக்கவில்லை என்று நான் நம்புகிறேன். இதை யாராவது உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்ரோல் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம். நல்ல வெயிலில் ஏற்றி விடியற்காலையில் இறக்குகிறாய், நடுவில் 5 டிகிரி குறைந்துவிட்டது என்று வை. 12,000 லிட்டரில் 60 லிட்டர் அளவில் காணாமல் போகும். எடை அப்படியே இருக்கும், ஒரு சொட்டும் வெளியே போயிருக்காது. அதனால் ஏற்றும்போதே வெப்பநிலையும் அடர்த்தியும் சீட்டில் ஏறியிருக்கிறதா என்று பார். இறக்கும் இடத்திலும் இரண்டையும் எடுக்கச் சொல். ஏற்றிய லிட்டரும் இறக்கிய லிட்டரும் 15 டிகிரியில் எவ்வளவு இருக்கும் என்று மாற்றி ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அப்புறம், வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று கவனி. கொஞ்சம் சாய்ந்து நின்றாலே டிப் ராட், அதாவது தொட்டிக்குள் விட்டு எண்ணெய் மட்டத்தைப் பார்க்கிற அளவுகோல், தப்பாகக் காட்டும். வந்து நின்ற வேகத்தில் அளக்கவும் விடாதே, உள்ளே ஆட்டம் அடங்கட்டும்.

எனக்கும் இரண்டாவது வருடத்தில் சம்பளத்தில் பிடித்தார்கள். பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் "எங்கே நிறுத்தி வித்தே?" என்று கேட்டார்களே, அது இன்னும் மறக்கவில்லை. ஏற்றுகிற மீட்டர் என் கையில் இல்லை, இறக்குகிற அளவுகோலும் என் கையில் இல்லை. ஆனால் குறைந்தால் பொறுப்பு மட்டும் என்னுடையது. இந்த வேலையில் என்னை அதிகம் புண்படுத்துவது இதுதான்.

கேள்வி: வண்டி ஓட்டுகிற நேரத்தைவிட லோடு ஏற்றுகிற டெப்போவில் வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம். இதற்கு வழியே இல்லையா?

பதில்: எனக்குத் தெரிந்து டிரைவர் கையில் வழி இல்லை. டிரிப் கணக்கில் சம்பளம் என்றால் காத்திருப்பதற்குக் காசும் கிடையாது. எட்டு மணி நேரம் கேபினில் வெந்துவிட்டு, லோடு ஏறியதும் "சீக்கிரம் போய்ச் சேரு" என்பார்கள். அப்போதுதான் தூக்கம் கண்ணைச் சுழற்றும். கேட்டுக்கு வந்த நேரம், உள்ளே போன நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள். தாமதம் யாரால் என்று பேச்சு வரும்போது வெறும் வாய்ச்சொல் எடுபடாது.

கேள்வி: பாதி லோடில் பிரேக் போட்டால் வண்டி நின்ற பிறகும் முன்னால் தள்ளுகிறதே, பிரேக் கோளாறா?

பதில்: பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் பெரும்பாலும் அது உள்ளே இருக்கிற அலைதான். நீங்கள் நின்றுவிட்டீர்கள், எண்ணெய் நிற்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து முதுகில் யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவதுபோல் வந்து இடிக்கும். முழு லோடில் அலைய இடம் இல்லாததால் இது குறைவு. உள்ளே இருக்கும் குறுக்குத் தடுப்புகள் முன்பின் ஆட்டத்தைத்தான் குறைக்கும், பக்கவாட்டு ஆட்டத்தை அவ்வளவாகத் தடுக்காது. டேங்கர் திருப்பத்தில் கவிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். வளைவுப் பலகையில் போட்டிருக்கும் வேகத்தை நம்பாதீர்கள், அதைவிடக் குறைத்து, வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

கேள்வி: காலி டேங்கர் என்றால் பயமில்லைதானே?

பதில்: இல்லை, பயம் அங்கேதான் அதிகம். பெட்ரோல் இறக்கிய தொட்டிக்குள் ஆவி நிற்கும். பற்றுவது அந்த ஆவிதான். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும்.

கேள்வி: பங்கில் தப்பான தொட்டியில் இறக்கிவிட்டால்?

பதில்: உடனே வால்வை மூடிவிட்டு உள்ளே போய்ச் சொல்லுங்கள், ஒரு நிமிடம்கூட மறைக்காதீர்கள். ஒருமுறை நள்ளிரவில், அழிந்துபோன பெயிண்டை நம்பி டீசல் தொட்டியின் வாயில் பெட்ரோல் ஹோஸை மாட்டிவிட்டேன். வால்வைத் திறக்கப் போகும்போது மூடியின் உள்பக்கத்தில் விரல் பட்டது. பிசுபிசு என்று வழுக்கியது. பெட்ரோல் என்றால் விரலில் அப்படி நிற்காமல் காய்ந்திருக்கும். அதனால் தப்பினேன். இன்றைக்கும் பங்க் ஊழியர் கூட வந்து காட்டாமல் நான் ஹோஸ் மாட்டுவதில்லை.

கேள்வி: என் கணவர் டேங்கர் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். உடுப்பில் வாடை அடிக்கிறது. கெடுதலா?

பதில்: கவலைப்பட வேண்டிய விஷயம்தான், சகோதரி. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். உடுப்பை மாற்றி, கைகால் கழுவிய பிறகு குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். எண்ணெய் கொட்டிய துணியை அடுப்புப் பக்கம் வைக்கவே வேண்டாம். இறக்கும்போது காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். ஆவி அவர் முகத்துக்கு வராது.