துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி, டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பியவர்களுடையது.

கேள்வி: மூத்த மகன் துபாய், இளையவன் சிங்கப்பூர். சென்னையிலிருந்து துபாய்க்கு இரண்டரை மணி நேரம், சிங்கப்பூருக்கு ஆறே முக்கால் என்று டிக்கெட்டில் வருகிறது. சிங்கப்பூர் அவ்வளவு தூரமா? (கீழக்கரை உம்மா ஒருவர்)

இல்லை உம்மா, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், நேராக அளந்தால் 2,900 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி போட்டிருப்பார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். காலை 10 மணிக்கு ஏறி துபாயில் 12.30க்கு இறங்கினால் நம்மூரில் அப்போது மணி 2, ஆக 4 மணி நேரம். சிங்கப்பூரில் மாலை 4.45 என்றால் இங்கே 2.15, நாலேகால் மணி நேரம். கால் மணி வித்தியாசத்துக்கா இளையவன் தூரமாகப் போய்விட்டான் என்று வருத்தப்படுகிறீர்கள்?

கேள்வி: துபாயிலிருந்து திரும்பும்போது சீக்கிரம் வந்துவிடுகிறோமே, பூமி சுற்றுவதாலா? (பாம்பன்)

பூமி சுற்றும்போது அதன் மேலிருக்கும் காற்றும் கூடவே சுற்றுகிறது, அதனால் விமானத்துக்கு அதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. விஷயம் காற்றடிக்கும் திசையில் இருக்கிறது. பாம்பன்காரருக்கு இதை நான் சொல்லவேண்டுமா, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது மேற்கே வள்ளம் விட்டால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். பனிக்காலத்தில் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் அந்தப் பாதையின் வடக்குப் பகுதியில் மேற்கிலிருந்து வேகமாகக் காற்று அடிக்கும், வரும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும், போகும்போது முகத்தில் அறையும். ஆனால் ஆடி மாதம் வேடிக்கை: கீழே கச்சான், தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் அதற்கு நேரெதிராகக் கிழக்கிலிருந்து காற்று, அதனால் அப்போது போகவர வித்தியாசம் குறைந்துவிடும்.

கேள்வி: தலைமன்னார் கண்ணுக்கெட்டும் தூரம், கொழும்புக்கு மதுரை போய்த்தான் ஏறவேண்டுமா? (ராமேஸ்வரம்)

எரிச்சலான கேள்வி, எனக்கும்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், 1964 புயலுக்கு முன்னால் ரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறிப் போன வழி அது. இப்போது 170 கிலோமீட்டர் எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து 350 கிலோமீட்டர் பறக்கவேண்டும். பறப்பது ஒரு மணி நேரம்தான், ரோட்டில் அதற்கு மூன்று மடங்கு ஆகும்.

கேள்வி: ராமநாதபுரத்திலிருந்து லண்டன் எத்தனை மணி நேரம்?

சென்னை–லண்டன் 8,200 கிலோமீட்டர், நேர் விமானத்தில் பதினொரு மணி நேரம் போல. அதற்கு முன்னால் சென்னைக்கு விடிய விடிய ரயில். ஏறத்தாழ பாதி நேரம் தமிழ்நாட்டுக்குள்ளேயே போய்விடும்.

கேள்வி: 15ஆம் தேதி 00.40 என்றால் எந்த ராத்திரி? (தொண்டி)

14ஆம் தேதி ராத்திரி. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்கவேண்டும். இத்தனை பேருக்குச் சொல்லும் நானே ஒருதடவை 15ஆம் தேதி ராத்திரி திருச்சியில் போய் நின்றேன். வாசலில் நின்ற காவலர் ஒன்றும் பேசவில்லை, தேதி மேல் விரலை மட்டும் வைத்துக் காட்டினார். மச்சானுக்காகக் கட்டிய தொதல் இனிப்பைக் காரோட்டி வந்த தம்பியும் நானும் காரைக்குடி வருவதற்குள் தின்று முடித்தோம்.