தேங்காய் எண்ணெய் குடித்த பிஸ்டல்

கேள்வி: தாத்தாவின் பழைய .32 கோல்ட் (Colt) பாக்கெட் பிஸ்டல் இப்போது அப்பா பெயரில் லைசென்ஸோடு பீரோவில் தோல் உறைக்குள் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவதோடு சரி, சுட்டதே இல்லை. தாத்தா வழக்கப்படி அப்பாவும் தேங்காய் எண்ணெய்தான் தடவுவார். போன வாரம் பார்த்தால் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு ஒரு நூல்கூட நகரவில்லை. தோட்டா அடுக்கும் மேகசின் கழன்று வந்துவிட்டது, காலிதான். வைஸில் பிடித்து மரச் சுத்தியலால் தட்டலாம் என்கிறார் மாமா. தட்டலாமா?
– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: முதலில் மாமாவிடமிருந்து சுத்தியலை வாங்கி உள்ளே வையுங்கள்.

மேகசின் காலி என்பதால் துப்பாக்கி காலி ஆகிவிடாது. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் ஒரு ரவை (தோட்டா) கிடக்கலாம், ஸ்லைடு திறக்காதவரை அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஆரம்ப கால கோல்ட்களில் மேகசினை உருவிவிட்டாலும் அந்த ஒரு ரவை வெடிக்கும். அதனால் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுவோம்.

அடுத்து, இடது பக்கம் இருக்கும் சேஃப்டியை, அதாவது சுடாமல் தடுக்கும் பூட்டைப் பாருங்கள். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். 1903-இல் வந்த ஜான் பிரவுனிங்கின் இந்த வடிவமைப்பில் சேஃப்டி மேலே ஏறியிருந்தால் ஸ்லைடு பூட்டிக்கொள்ளும், பழுது எதுவும் இருக்காது. ஆனால் இதில் இன்னொரு சங்கதி உண்டு. வெளியே ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) தெரியாவிட்டாலும் உள்ளே ஒன்று ஒளிந்திருக்கிறது, அது பின்னால் இழுபட்டிருந்தால்தான் இந்த சேஃப்டி மேலேயே ஏறும். அதாவது சேஃப்டி மேலே இருந்தால், இத்தனை வருஷமும் பிஸ்டல் சுடத் தயாராகவே பீரோவில் படுத்திருந்திருக்கிறது! லைசென்ஸ் அப்பா பெயரில் என்பதால் கையில் எடுப்பவரும் அவராகவே இருக்கட்டும். தோட்டத்து மண்ணைப் பார்த்துக் குழலைப் பிடித்து, விரலை ட்ரிகர் பக்கமே கொண்டுபோகாமல், சேஃப்டியை இறக்கி வெறும் கையால் ஸ்லைடை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்கலாம். அசையவில்லையா, சேஃப்டியை மறுபடி ஏற்றிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

சேஃப்டி காரணமில்லை என்றால் என் சந்தேகமெல்லாம் அந்த எண்ணெய் மேல்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், குன்னூரில் வருஷத்தில் பாதி நாள் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது என்பது உங்களுக்குத் தெரியாததா? தலைக்குத் தடவ அடுப்பருகே வைத்து உருக்குகிறோம், துப்பாக்கியை யார் உருக்குவது? வருஷா வருஷம் பூசியது பழைய கிரீஸோடும் தூசியோடும் சேர்ந்து ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் பிசினாக உட்கார்ந்திருக்கும், காறிப்போன எண்ணெய் இரும்பை அரிக்கவும் செய்யும். போதாததற்குத் தோல் உறை. அது நம் ஊர் மூடுபனி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பதனிட்ட ரசாயனத்தோடு சேர்த்து இரும்புக்கு ஊட்டும். உறை ஷோகேஸில் அழகாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் இளகும்தான், ஆனால் உள்ளே ரவை இல்லை என்று உறுதியான பிறகு செய்கிற வேலை அது. குழல் வழியாகக் கம்பி விட்டு ஆழம் பார்ப்பதையும் வீட்டில் செய்யாதீர்கள், கை குழல்வாய்க்கு நேரே போகும். ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும், ஆகவே தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் கொடுப்பதும் தப்பு. லைசென்ஸ் உள்ள ஆயுத டீலருக்கு முதலில் போன் செய்து, சேம்பரில் ரவை இருக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டு அப்பா எடுத்துப் போகட்டும். சுத்தமாகி வந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும்.

ஒன்று மட்டும். கோவைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் மேட்டுப்பாளையம் வெயிலிலேயே அந்த எண்ணெய் இளகி ஸ்லைடு விட்டுக்கொடுக்கலாம். வண்டிக்குள் வைத்து இழுத்துப் பார்க்காதீர்கள், பெட்டி பூட்டியபடியே டீலரின் மேஜைக்குப் போகட்டும்.