சாயம் அடிக்குமுன் கூரையைப் பாருங்கள்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் வீடு விற்பதைப் பற்றியவை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு வந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் வீடு வாங்கிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் குடியேறிவிட்டார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது 22 ஆண்டுப் பழைய ஒற்றை மாடி வரிசை வீடு. விற்பதற்கு முன் 15,000 வெள்ளி (ரிங்கிட்) செலவில் புது அடுக்களை அலமாரி போட்டால் விலை ஏறும் என்கிறார் மருமகன். போடலாமா?

பதில்: வேண்டாம். வாங்குகிறவர் தம் விருப்பப்படி போட்டுக்கொள்வார். ஒழுகும் குழாயை மாற்றுங்கள், ஆடும் கதவுக் கீலை முடுக்குங்கள், சன்னல் கண்ணாடியைத் துடையுங்கள்.

கேள்வி: கூடத்து மேற்கூரைப் பலகையில் பழுப்புக் கறை இருக்கிறது. பெருமழைக்குப் பிறகு கொஞ்சம் பெரிதாகிறது. இரண்டு முறை வெள்ளைச் சாயம் அடித்தால் மறைந்துவிடும் என்கிறார் சாயக்காரர். அடுத்த வாரம் வீடு பார்க்க ஆள் வருகிறார்கள்.

பதில்: மறையும், அடுத்த மழை வரை. இதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

2003இல் இதே ஊரில் ஒரு வீடு வாங்கினேன். உள்ளே நுழைந்ததும் புதுச் சாய வாசம். எங்கும் பளிச்சென்று வெள்ளை. அதைப் பார்த்தே மனம் நிறைந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். குடிபுகுந்த மூன்றாம் வாரம் நவம்பர் மழை பிடித்தது. படுக்கையறை அலமாரியை நகர்த்திப் பார்த்தால், பின்சுவரில் சாயம் அப்பளம் போல உப்பி நிற்கிறது. விரல் பட்டதும் உடைந்து, ஈரச் சிமெண்டுத் தூள் தரையில் கொட்டியது. கூரையைப் பிரித்துச் சரிசெய்ய 6,800 வெள்ளி ஆனது. அந்த வீட்டை விற்றவர் என் தந்தையோடு ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பணத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆகவே முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். வெயில் நேரத்தில் மேற்கூரைப் பலகையில் உள்ள திறப்பு வழியாகத் தலையை நுழைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஊசியாக எங்கே இறங்குகிறதோ அங்கே ஓடு விலகியோ உடைந்தோ இருக்கும். கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பில் பதித்த தகரம் துருப்பிடித்திருக்கலாம். தாழ்வாரப் பீலியில் இலை அடைத்தாலும் தண்ணீர் பின்வாங்கி உள்ளே வரும். மிகப் பழைய வீடாக இருந்து, கூரையோ பலகையோ அஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் வந்தால், அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஒழுக்கு நின்று, பலகை நன்றாகக் காய்ந்த பிறகுதான் சாயம். அதுவும் நேரடியாக வேண்டாம். கறையைத் தடுக்கும் அடிப்பூச்சு முதலில், அதன்மேல் இரண்டு முறை சாயம். வருகிறவர்களிடம் "இங்கே ஒழுகியது, சரிசெய்துவிட்டோம்" என்று சொல்லி ரசீதைக் காட்டுங்கள். ஒழுக்கை மறைத்து விற்பவரை நான் திருடன் என்றே சொல்வேன். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். வீடு எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: தோட்டத்தில் 31 ஆண்டு வேலை செய்தேன். வீட்டை விற்குமுன் முன்புறக் கூரையும் இரும்புக் கதவும் போட, சேமநிதிப் பணத்தில் 9,000 வெள்ளியை முன்பணமாகக் கொடுத்தேன். வந்தவர் இரண்டு குழி தோண்டி, நான்கு இரும்புக் குழாயைப் போட்டுவிட்டுப் போனார். இரண்டு மாதமாகத் தொலைபேசியை எடுப்பதில்லை. "ஏமாந்தது உங்கள் தவறு" என்கிறாள் மகள்.

பதில்: அம்மா, உங்கள் தவறு இல்லை. வேலையை ஒப்புக்கொண்டு பணத்தை வாங்கியவர் அவர். மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

குழியையும் குழாயையும் இன்றே படம் எடுங்கள். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். "இன்ன தேதிக்குள் வேலையை முடியுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள்" என்று பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மன்றம் அது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வழக்கறிஞரோடு வர முடியாது. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அது குற்றம். பாரம் நிரப்பச் சிரமமாக இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

கேள்வி: தொலைபேசி நேரலையில் பார்த்து, ஒட்டும் தரை விரிப்பு 640 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டு வாரத்தில் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. ரசீது இல்லை, கடைப் பெயரும் நினைவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கடைப் பெயர்கூடத் தெரியாமல் 640 வெள்ளியை அனுப்பியிருக்கிறீர்கள். நான் யாரைத் தேடுவது? உரித்தெடுத்துவிட்டு, பழைய தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வாங்குகிறவர் அதையே விரும்புவார்.

கேள்வி: சாமி அறையில் முப்பது ஆண்டுச் சூடப்புகை. எத்தனை முறை சாயம் அடித்தாலும் மஞ்சளாகக் கசிகிறது. பிற இனத்தவரும் வீடு பார்க்க வருவதால் படங்களை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: படங்களை எடுக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வரை அது உங்கள் சாமி. புகையும் எண்ணெயும் கலந்த கறை தண்ணீர்ச் சாயத்தை ஊடுருவி வெளியே வரும், அதனால்தான் கசிகிறது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துணி கறுப்பது நிற்கும் வரை தண்ணீரை மாற்றுங்கள். காய்ந்ததும் எண்ணெய் அடிப்பூச்சு ஒன்று, அதன்மேல் சாயம். நிலைப்படியின் மஞ்சள் குங்குமத்தை அப்படியே விடுங்கள்.

கேள்வி: வீடு வாங்கி நான்கு ஆண்டும் சில மாதமும் ஆகிறது. இப்போது விற்றால் வரி உண்டா? தரை ஓடு பதித்த செலவைக் கழிக்கலாமா?

பதில்: நிலச் சொத்து ஆதாய வரி உண்டு. குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. உங்களுடையது ஐந்தாம் ஆண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்குக் கோரலாம். வீட்டை மேம்படுத்திய செலவைக் கழிக்கலாம், ரசீது இருந்தால். அவசரமில்லையென்றால் சில மாதம் பொறுங்கள்.

கேள்வி: வீட்டு விலையில் 2 விழுக்காடு முன்பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார் வீட்டு முகவர். போடலாமா?

பதில்: கூடாது. முகவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும். முதலில் அவருடைய பதிவு அட்டையைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.