தாமிரபரணிக் கரையிலோ பாபநாசம் மலையிலோ டென்ட் போட்டு ராத்திரி தங்கலாமா? சட்டத்தில் இடம் உண்டா?

மலையில் கூடவே கூடாது. ஆற்றங்கரையில் போட்டால் பெரிதாக வழக்கு வராது, எழுப்பி விடுவார்கள்.

டென்ட்டுக்கென்று தனிச் சட்டம் எதையும் தேடாதீர்கள். இடம் யாருடையது என்று பாருங்கள். பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதற்கே தடை. 30ஆவது பிரிவு தீ மூட்டக் கூடாது என்கிறது. டென்ட் பேச்சே அதற்கப்புறம்தான். 2018இல் குரங்கணியில் காட்டுத்தீ பிடித்த பிறகு மலையேற்றத்துக்கும் தனி விதிகள் வந்துவிட்டன.

"காப்பகத்துக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடில் போடுகிறார்களே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 1988இல் காப்பகம் வருவதற்கு முன்பே உள்ள வழக்கம் அது. குடும்பம் குடும்பமாகக் கோயில் இருக்கிற காரையாறு போய்க் குடில் கட்டி, கிடா வெட்டி, நாள் கணக்கில் கிடந்துவிட்டு, சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் காட்சி கொடுத்த பிறகுதான் மலை இறங்குவார்கள். (அப்படிக் காட்சி கொடுத்துவந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் காலமானார்.) இப்போது வனத்துறை சில நாள்தான் விடுகிறது. சொந்த வண்டியை அகஸ்தியர்பட்டியோடு நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற வேண்டும். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதுவும் ஆகாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. பரிகாரம் என்று பாபநாசத்தில் ஆற்றோடு விடுகிற பழந்துணி அள்ள அள்ளத் தீராமல் கிடப்பதைப் பார்த்த எனக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் ஒன்று: தலைமுறை தலைமுறையாகப் போகிறவர்களுக்கே வருஷா வருஷம் அனுமதி வந்தால்தான் உண்டு. உங்களுக்கும் எனக்கும் எங்கே?

கீழே, சேரன்மாதேவி, திருநெல்வேலிப் பக்கம் ஆற்றங்கரை பெரும்பாலும் புறம்போக்கு. அங்கே 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம். குடிசை போட்டு உட்கார்ந்தவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யத்தான் அதை எடுப்பார்கள், ஒரு ராத்திரி டென்ட்டுக்கு அல்ல. அங்கே பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. அணை திறந்தால் நீங்கள் தூங்குகிறீர்களா என்று பார்க்காது. வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கிவிடும்.

தங்கியே ஆக வேண்டுமென்றால் அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் பட்டா நிலத்துக்காரர் யாரிடமாவது கேளுங்கள். ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் வயல்காரரிடம் பேசிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். மலையடிவாரத்தை ஒட்டிய வயல் மட்டும் வேண்டாம், சிறுத்தை நடமாட்டம் உண்டு.