கிணறு உப்பாகிவிட்டது, எந்தத் தோல் ஷாப் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: வாணியம்பாடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மூன்று வருடமாகக் குரும்பை கொட்டுகிறது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. சுற்றிலும் பல தோல் ஷாப்புகள் (தோல் பதனிடும் ஆலைகள்). எதைக் குற்றம் சொல்வது? 2001-ல் அப்பா பெயரில் இழப்பீடு உத்தரவானதாகச் சொல்வார். பணம் வந்ததா தெரியவில்லை. அவர் இப்போது இல்லை. தம்பி மகன் ஒரு ஷாப்பில் வேலை செய்வதால் நேரடியாக மோதவும் தயக்கம்.

பதில்: எந்த ஷாப் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பலருடைய கழிவு சேர்ந்து கெடுத்திருந்தால், பொறுப்பைத் தீர்ப்பாயமே பங்கிடலாம் என்கிறது தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 17-ஆவது பிரிவு. "நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்" என்ற வாதமும் அங்கே எடுபடாது. உள்ளூர் சிவில் கோர்ட்டில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 29-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுதான் உங்கள் இடம். கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம். ஐந்து லட்சம் கேட்டால் 5,000 ரூபாய்.

சிக்கல் காலக்கெடுவில்தான். இழப்பீட்டுக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மனு போட வேண்டும். கிணறு உங்கள் அப்பா காலத்திலேயே கெட்டதுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதனால் வி.ஏ.ஓ.விடம் ஒவ்வொரு பசலிக்கும் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டின் நகல் வாங்குங்கள். தேங்காய் விற்ற சீட்டுகள் இருந்தால் இன்னும் நல்லது. விளைச்சல் எப்போது விழுந்தது என்பது அதில் தெரியும்.

தண்ணீர் சோதனையை நீங்களே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தால் அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது. உங்கள் பகுதி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மாதிரி எடுக்கக் கேளுங்கள். தோல் பதனிடப் போடும் குரோமியத்தை மட்டும் பார்த்துவிட்டு வரம்புக்குள் இருக்கிறது என்று முடித்துவிடப் போகிறார்கள். தென்னையைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பு ஊறவைக்கும்போது கழுவி வருகிறது, சாதாரணச் சுத்திகரிப்பில் அது போகாது. டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு), குளோரைடு, சோடியம் மூன்றையும் மனுவில் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிநீருக்கு டி.டி.எஸ். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில்கூட 2,000 வரைதான்.

அப்பாவுடைய தொகை தனி விஷயம். தோல் ஆலை மாசு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் அமைந்த ஆணையம் 2001-இல் வழங்கிய இழப்பீடு அது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், கிடைக்காதவர்களுக்கு அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கச் சொன்னது. நிலம் சீராகும் வரை மாசுபடுத்தியவர் பொறுப்பு தொடரும் என்றும் சொன்னது. இது உங்கள் புது மனுவுக்கும் உதவும். வாரிசுச் சான்றிதழோடு திருப்பத்தூர் கலெக்டருக்கு மனு கொடுங்கள். பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறதா, பணம் பட்டுவாடா ஆனதா என்று தகவல் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். இதற்கிடையில் யாராவது சமாதானம் பேசி வந்து 'முழுத் தீர்வு' என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

தம்பி மகன் விஷயம் புரிகிறது. பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் ஒரு விவசாயிகள் சங்கமும் மனு போடலாம். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கும் இதே நிலைமைதான் இருக்கும், முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள்.