விபத்து முதலுதவி வகுப்புக்கு என்ன வாங்கலாம்? கேள்வி பதில்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய நம் ஊர்களில் விபத்து முதலுதவி சொல்லித்தரப் பலர் முன்வருகிறார்கள். பயிற்சிப் பொம்மைகள், கருவிகள் பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

குடியாத்தம், பள்ளி ஆசிரியை: இருக்கிற பணத்துக்கு ஒரே ஒரு முழு உடல் பொம்மை வாங்கலாமா சார்?

வேண்டாம் டீச்சர். இடுப்புவரை உள்ள பொம்மையே போதும். ஆனால் இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை (சிபிஆர்) அதில் பழகும்போது, அழுத்தம் சரியா தவறா என்று அது காட்ட வேண்டும். ‘க்ளிக்’ சத்தமோ விளக்கோ இருக்கட்டும். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 முதல் 6 செ.மீ. இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இதைச் சொல்லாத பொம்மை தலையணைக்குச் சமம். மிச்சப் பணத்தை ரத்தப்போக்குப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். சாலை விபத்தில் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

ராணிப்பேட்டை, தோல் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்: ரத்தம் வரும் காயப் பொம்மை விலை அதிகம். மாற்று உண்டா?

உண்டு. கறிக்கடையில் எலும்போடு ஓர் ஆட்டுத்தொடை வாங்குங்கள். ஆழமாகக் கீறி, அடியில் டிரிப்ஸ் டியூபைச் செருகி, மறுமுனையைச் சிவப்புத் தண்ணீர் பாட்டிலில் மாட்டி ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். கற்பவர் விரலை உள்ளே விட்டு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, அந்த இடத்திலேயே காஸ் துணியைத் திணித்து, குழி நிரம்பியதும் இரண்டு கையாலும் உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். ‘நின்றுவிட்டதா?’ என்று அவர் துணியைத் தூக்கிப் பார்த்தால் உடனே பாட்டிலை அழுத்துங்கள், ரத்தம் பொங்கும். அந்தப் பாடம் மறக்காது. கை, கால், அக்குள், தொடை இடுக்குக்குத்தான் இந்த முறை. நெஞ்சு, வயிற்றுக் காயத்துக்குள் எதையும் திணிக்கக் கூடாது.

ரத்தத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சியில் சிவப்பு ஃபுட் கலரும் துளி காபி டிகாக்‌ஷனும் கலந்தால் போதும். சர்க்கரைப் பாகு வேண்டாம், எறும்பு மொய்க்கும். அதில் ஒரு லிட்டரைச் சிமெண்ட் தரையிலும், இன்னொரு லிட்டரை மடித்த வேட்டியிலும் ஊற்றி, எவ்வளவு என்று கேளுங்கள். தரையில் இருப்பதை அதிகமாகவும் துணியில் இருப்பதைக் குறைவாகவும் சொல்வார்கள். பெரியவர் உடலில் மொத்தமே சுமார் 5 லிட்டர்தான் என்று அப்போது சொன்னால் உறைக்கும்.

காட்பாடி, ஆட்டோ ஓட்டுநர்: அண்ணே, டூர்னிகெட் (கை, காலை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை) ஆன்லைனில் மலிவா கிடைக்குது. வாங்கலாமா?

நிஜ உபயோகத்துக்கு வேண்டாம் தம்பி. போலிகளில் திருகும்போது குச்சி வளையும், பட்டை நழுவும். நல்லதாக இரண்டு வாங்கி, ஒன்றில் ‘பயிற்சி’ என்று பெயிண்டால் எழுதிவிடுங்கள். பயிற்சியில் இழுபட்டுத் தேய்ந்ததை வண்டியின் முதலுதவிப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஸ்பாஞ்ச் சுற்றிய பிவிசி குழாயில் முழுதாக இறுக்கிப் பழகுங்கள். நண்பரின் காலில் அப்படி இறுக்க வேண்டாம். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். நேரத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் தளர்த்தக் கூடாது.

108-க்குப் பேசுவதையும் ஒத்திகை பாருங்கள். ‘பள்ளிகொண்டா டோல்கேட் பக்கத்தில்’ என்றால் போதாது. எந்தத் திசைப் பாதை என்றும் சொல்லப் பழகணும். கேஸ் பயம் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

வேலூர், நர்சிங் மாணவி: ஒத்திகையில் நடிப்பவர்கள் மேல் ஒட்டும் ஜெலட்டின் போலிக் காயங்கள் மே மாத வெயிலில் உருகிவிடுகின்றன சார்.

சிலிகான் காயங்களை ஒட்டும்மா. லேட்டெக்ஸ் என்றால் முதலில் மணிக்கட்டில் தடவி அலர்ஜி பார்த்துக்கொள். ஆனால் காயத்தைவிட நடிப்பவர்தான் முக்கியம். முகத்தில் பவுடர் பூசி, தண்ணீர் தெளித்து, ஒருவரை அசையாமல் படுக்க வை, இன்னொருவர் கத்தட்டும். எல்லோரும் கத்துபவரிடம் ஓடுவார்கள். பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியே நடத்தினால் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லையென்றால் யாராவது நிஜமாகவே 108-ஐ அழைத்துவிடுவார்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: விரல் துண்டானால் என்ன செய்வது என்று எப்படிக் காட்டுவது?

ரப்பர் கையுறை விரலில் மைதா மாவை அடைத்து வெட்டி எடுங்கள். ஈரக் காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது.

வாலாஜா, என்எஸ்எஸ் பொறுப்பாளர்: பொம்மையை எப்படிப் பாதுகாப்பது?

செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அச்சு மை அதன் தோலில் ஏறினால் போகாது. பால்பாயிண்ட் பேனாவும் அப்படித்தான். ஒவ்வொருவர் பயன்படுத்திய பிறகும் முகத்தை ஆல்கஹால் துணியால் துடையுங்கள். வகுப்பு முடிந்ததும், வாயில் ஊதும் காற்று போய்ச் சேரும் உள்ளே இருக்கும் நுரையீரல் பையை மாற்றிவிடுங்கள்.