ஒரே மீன், இரு கூட்டம்

கேள்வி: பார்வைக்கு வேறுபாடே தெரியாத ஒரே இனக் கடல்மீனை, மரபணுக் குறிப்பான்களைக் கொண்டு தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிக்கிறார்களாமே? கடலில் வேலி ஏது? ஒரு மீனைச் சோதித்தாலே அதன் கூட்டம் தெரிந்துவிடுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குறிப்பான் என்பது டி.என்.ஏ.வில் மீனுக்கு மீன் வேறுபடக்கூடிய ஓர் இடம். ஒரே ஒரு குறிப்பானைப் பார்த்துப் பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு குறிப்பானின் இரு வடிவங்களும் பொதுவாக இரண்டு கூட்டங்களிலும் இருக்கும். அவை எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் மாறும். ஆகவே முட்டையிடும் காலத்தில், முட்டையிடும் இடத்திலேயே பல மீன்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் துடுப்பிலும் நகத்தளவு துண்டை நறுக்கி எத்தனாலில் இட்டுக் கொண்டுவருகிறார்கள். இரை தேடிக் கலந்து திரியும் காலத்து மாதிரியை வைத்துக் கூட்டங்களை வகுப்பது, சந்தையில் நிற்பவர்களைப் பார்த்து ஊர்களைக் கணக்கெடுப்பது போலாகும்.

வேலி இல்லை என்பது உண்மைதான். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போகின்றன. தலைமுறைக்குச் சில பத்து மீன்கள் இடம் மாறினாலே, இயற்கைத் தேர்வுக்கு உட்படாத குறிப்பான்களில் வேறுபாடு மங்கிவிடும். இவ்வேறுபாட்டை 0 முதல் 1 வரை அளக்கும் எஃப்எஸ்டி என்ற எண், கடல்மீன்களில் 0.05-ஐக்கூட எட்டாமல் இருப்பது சகஜம்.

அப்படியும் பிரிக்க முடிந்த இடம் ஒன்றுண்டு. நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளை ஒட்டி, வடக்கே ஆர்க்டிக் பகுதியிலுள்ள பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் வடகிழக்கு ஆர்க்டிக் காட் மீனும், கரையை விட்டு அதிகம் அகலாத கரையோரக் காட் மீனும் ஒரே வலையில் விழுகின்றன. கரையோரக் கூட்டம் சிறியது. கணக்குப் பார்க்காமல் பிடித்தால் முதலில் தேய்வது அதுதான். முன்பெல்லாம் மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை உடைத்து, உள்வளையங்கள் வட்டமாக இருந்தால் கரையோர மீன், நீண்டிருந்தால் ஆர்க்டிக் மீன் என்று பிரித்தார்கள். அந்த முறை இன்றும் கைவிடப்படவில்லை. இப்போது அதனோடு பான்-1 என்ற மரபணுவையும் பார்க்கிறார்கள். அதன் 'ஏ' வடிவம் கரையோர மீன்களிலும், 'பி' வடிவம் ஆர்க்டிக் மீன்களிலும் மிகுந்திருப்பதால், பிடிபட்ட மீன்களில் எந்தக் கூட்டம் எத்தனை பங்கு என்பதைக் கணக்கிட முடிகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு மிகவும் சுவையாகப் படுவதும் அதுவே. மற்றப் பல குறிப்பான்களில் இவ்விரு கூட்டங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிய, பான்-1 மட்டும் ஏன் இவ்வளவு பிரிந்து நிற்கிறது? சில காட் மீன்களின் ஒன்றாம் குரோமோசோமில் ஒரு பெருந்துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. பான்-1 அதற்குள்தான் இருக்கிறது. அத்துண்டில் உள்ள மரபணுக்கள் எளிதில் பிரிந்து கலக்காமல், ஒரே மூட்டையாக அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. நெடுந்தூரம் வலசை போகும் இயல்போடு அம்மூட்டைக்குத் தொடர்பு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே பான்-1 சொல்வது பெரும்பாலும் அந்த மீனின் வாழ்முறையைத்தான். அதன் பூர்வீகத்தை அறிய வேண்டுமானால், பிற குரோமோசோம்களில் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஒற்றை டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களைத் தனியே படிக்க வேண்டும்.